பேரேட்டிலிருந்து துப்பாக்கிக்கு: இரண்டாம் உலகப்போரும் ப.சிங்காரம் நாவல்களில் அடையாள மாற்றமும்

தமிழில் போர்பற்றிய ஆய்வு என்றவுடன் நம் கை தானாகவே புறநானூற்றை நோக்கி நீள்கின்றது. வெட்சி முதலாகிய திணைகளும், அவற்றின் துறைகளும், வீரயுகம் என்னும் கருத்தாக்கமும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் துறைகளின் ஆய்வேடுகளை நிரப்பியுள்ளன. 1968 இல் வெளிவந்த க.கைலாசபதியின் ஆங்கில நூல் அவ்வாய்வுக்கு ஒரு புதிய தொடக்கத்தைத் தந்தது. பின்வந்தோர் பலர் அதனை விரித்தனர். ஆயின் இருபதாம் நூற்றாண்டில் தமிழர் நேரடியாகச் சிக்குண்ட ஒரு பெரும்போர், அவர்தம் தொழில், குடும்பம், அரசியல், தம்மைத் தாமே விளங்கிக்கொண்ட முறை ஆகியவற்றை எவ்வாறு மாற்றியது என்னும் வினா, அப்போரைப் பற்றிய தமிழ்ப் புனைவுகளை முன்வைத்துப் போதிய அளவு எழுப்பப்படவில்லை. 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரை தென்கிழக்காசியாவில் நிகழ்ந்த சப்பானிய ஆட்சிக்காலமே இங்குக் குறிக்கப்படுகின்றது.

இக்கட்டுரை ப.சிங்காரத்தின் கடலுக்கு அப்பால் (1959), புயலிலே ஒரு தோணி (1972) ஆகிய இரு நாவல்களையும் முதன்மை ஆதாரங்களாகக் கொள்கின்றது. வெ.சாமிநாத சர்மாவின் பர்மா நடைப்பயண நினைவுக்குறிப்பும், மலேசியத் தமிழ் நாவல்கள் இரண்டும் ஒப்புநோக்குக்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. புயலிலே ஒரு தோணியைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் இரு தடங்களிற் செல்வன. ஒன்று, பாண்டியனை வேரற்ற இருத்தலியல் நாயகனாகக் காண்பது. மற்றொன்று, பினாங்கு நண்பர்களின் உரையாடல்களை முன்னிறுத்தி, அதனைத் தமிழ்ப் பெருமிதத்தின் பகடியாகக் காண்பது. இரண்டிலும் உண்மையுண்டு. எனினும் இவ்விரு வாசிப்புகளும் போரை ஒரு பின்புலத் திரையாகவே கொள்கின்றன. திரையை அகற்றிவிட்டாலும் பாண்டியன் அவ்வாறே இருந்திருப்பான் என்பது அவற்றின் சொல்லப்படாத எடுகோள். இவ்வெடுகோள் பிழையானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

போருக்கு முன்: மார்க்காவும் மனிதனும்

ஓர் அடையாளம் மாறியது என்று கூறுவதற்கு முன், மாறுவதற்கு முன்பிருந்த அடையாளம் யாது என்பதை வரையறுத்தல் வேண்டும். இவ்விடத்தில்தான் சிங்காரம் ஏனைய எழுத்தாளரினும் மிக்க துல்லியம் உடையவராகின்றார். 1920 இல் சிங்கம்புணரியிற் பிறந்த அவர், 1938 இல் சுமத்ராவின் மெடான் நகருக்குக் கடைவேலைக்குச் சென்றவர். வட்டிக்கடையின் உள்ளொழுங்கை அவர் வெளியிலிருந்து கண்டு எழுதவில்லை.

நகரத்தார் வழிவந்த அக்கடைகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என ஏறுவரிசை உண்டு. பெட்டியடியில் அமரும் சிறுவன் கணக்குப் பழகி, வசூலுக்குச் சென்று, அடுத்தாளாகி, முதலாளியின் நம்பிக்கையைப் பெற்றால் மேலாளாகலாம். மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புதல், திருமணம் செய்தல், மீண்டும் கப்பலேறுதல். ஒருவனுடைய பெயரைக் காட்டிலும் அவன் சார்ந்த கடையின் மார்க்காவே முன்னிற்கும். கடிதத்திலும் பேச்சிலும் முதலாளிமார் முன்னெழுத்துகளாற் குறிக்கப்படுவதை இந்நாவல்கள் நெடுகக் காணலாம். கடலுக்கு அப்பாலில் வரும் வயிரமுத்துப் பிள்ளை தம் கடைத்தெருவில் 'வானாயீனா'வாகவே அறியப்படுகின்றார். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு பையன் யாருடைய மகன் என்பதைவிட எந்தக் கடையைச் சேர்ந்தவன் என்பதே முதல் வினா.

இவ்வொழுங்கில் இடம் சார்ந்த அடையாளம் மிகச் சிறிதே. அவர்கள் மலாயாவில் வாழ்ந்தனர். மலாயாவைச் சேர்ந்தவராகத் தம்மை எண்ணிலர். கிட்டங்கியின் வாசலைத் தாண்டினால் சீனரும் மலாய்க்காரரும் டச்சுக்காரரும் இருந்தனர். அவர்களோடு கொண்ட உறவு கடனும் வட்டியும் சார்ந்தது. ஆட்சி யாருடையது என்னும் வினா எழவேயில்லை. அடமானப் பத்திரத்தைச் செல்லுபடியாக்கும் நீதிமன்றம் இருக்கும்வரை அவ்வினாவுக்குத் தேவையும் இல்லை. பர்மாவிலும் நிலை இதுவே. 1930களின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின், கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு, கடனுக்கு ஈடாகச் செட்டியார்களின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்நிலம் முழுதும் ஓர் அரசின் சட்டத்தை மட்டுமே நம்பி நின்றது. அவ்வரசு ஓடிப்போனால் என்னாகும் என்று எந்தப் பேரேடும் கணக்கிடவில்லை.

கொடி இறங்கிய நாள்கள்

அவ்வரசு ஓடிப்போயிற்று. பினாங்கின்மீது 1941 டிசம்பர் 11 அன்று சப்பானிய விமானங்கள் குண்டுவீசின. அடுத்த சில நாள்களில் பிரித்தானியர் தம் இனத்தாரை மட்டும் இரவோடிரவாகத் தீவிலிருந்து அகற்றிக்கொண்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் அப்போதும் பறந்துகொண்டிருந்த பிரித்தானியக் கொடியைக் கீழே இறக்கியவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ இதழின் ஆசிரியராகிய மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். கொடி பறக்கும்வரை குண்டுவீச்சு நில்லாது என்பதால் அவர் அதனை இறக்கினார். பேரரசின் கொடியை அப்பேரரசின் குடிமகன் ஒருவனே ஊர் பிழைக்க வேண்டி இறக்கிய இந்நிகழ்ச்சி, அக்காலத்து அரசியல் மாற்றத்தை எந்தக் கோட்பாட்டு விளக்கத்தினும் தெளிவாகக் காட்டுவதாகும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச்சு மாதத்தில் மெடான் வீழ்ந்தது.

புயலிலே ஒரு தோணி இம்மெடான் வீழ்ச்சியிலேதான் தொடங்குகின்றது. சப்பானியப் படை நகருக்குள் நுழைவதைத் தெருவில் கூடிநிற்கும் கூட்டம் வேடிக்கை பார்க்கின்றது. அச்சமோ ஆர்ப்பரிப்போ அங்கு முதன்மை பெறவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். முந்நூறு ஆண்டுகளாக அசைக்கவொண்ணாததாகத் தோன்றிய டச்சு ஆதிக்கம், மிதிவண்டியில் வந்திறங்கும் குள்ளமான வீரர்களின்முன் ஒரு பகலில் இல்லாமற் போவதைக் கண்டு நிற்கும் வியப்பே அங்குள்ளது. தொடர்ந்து கொள்ளை நிகழ்கின்றது. கொள்ளையடித்தோரின் வெட்டுண்ட தலைகள் பொதுவிடத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இக்காட்சியைச் சிங்காரம் எவ்வகை உணர்ச்சிப் பெருக்குமின்றி, ஏறக்குறைய ஒரு சரக்குப் பட்டியலின் நடையில் எழுதிச் செல்கின்றார். இந்நடை அவருடைய குறைபாடு என்று கருதுவாரும் உளர். எமக்கு அது கணக்கப்பிள்ளையின் கண்ணாகப் படுகின்றது. கண்டதைப் பற்றெழுதி அடுத்த வரிக்குச் செல்லும் பழக்கம், தலைகள் வரிசையாக இருக்கும்போதும் கையை விட்டு நீங்குவதில்லை.

நாணயத்தின் நிலையையும் இங்குச் சேர்த்து நோக்கவேண்டும். சப்பானியர் வெளியிட்ட தாள்கள், அவற்றுள் பத்து வெள்ளித் தாளில் அச்சிடப்பட்ட வாழைமரப் படத்தால் வாழைமர நோட்டு எனப் பெயர்பெற்றன. அவை ஆட்சிக்காலத்தின் இறுதியில் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அரிசி வாங்கப் போதாதனவாயின. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் பெற்றோர் பலர், இத்தாள்களைக் கொண்டு அக்கடனை அடைத்தனர். கடன் அடைந்ததா இல்லையா என்னும் வழக்கு போருக்குப்பின் பெரிதாகி, 1948 இல் மலாயாவில் இதற்கெனவே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. எந்தத் திங்களில் செலுத்திய தாளுக்கு எவ்வளவு மதிப்பு என்று அச்சட்டம் அளவுகோல் வகுத்தது. மதிப்பு என்பதே நிலையற்றது என்பதை ஒரு வட்டிக்கடைச் சமூகம் தன் தொழிலின் நடுநரம்பிலேயே உணர்ந்த காலம் அது. சிங்காரத்தின் மாந்தர் பேசும் நிலையாமை, பட்டினத்தாரிடமிருந்து பெற்ற அளவுக்கு இப்பேரேட்டிலிருந்தும் பெற்றதே என்பது எம் கருத்து.

அடுத்தாள் அதிகாரியாதல்

1943 சூலையில் சுபாசு சந்திர போசு சிங்கப்பூருக்கு வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. போர்க்கைதிகளான முன்னாள் பிரித்தானிய இந்தியப் படையினரோடு, மலாயாவின் தோட்டங்களிலிருந்தும் நகரக் கடைகளிலிருந்தும் பொதுமக்கள் பெருமளவில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். இப்பொதுமக்களுள் தமிழர் மிகப்பலர். பாண்டியனும் செல்லையாவும் இக்கூட்டத்தினின்று எழும் புனைவு மாந்தரே.

பாண்டியன் அதிகாரியாவதை ஒரு சாகசக் கதையாக வாசிப்பது எளிது. நாவலிலும் இரகசியப் பணிகள், தப்பித்தல், கொலை என அதற்குரிய உறுப்புகள் யாவும் உள. ஆனால் அவனுக்கு அவ்வுயர்வைப் பெற்றுத் தந்த தகுதிகள் யாவை என நோக்கின் வேறொன்று புலனாகும். மலாய் மொழியை வாணிகத் தேவைக்காகக் கற்றவன், மாற்றினத்தாரிடம் முகம் பார்த்துப் பேசத் தெரிந்தவன், இடர்களை முன்கூட்டி எடைபோடப் பழகியவன், இரகசியம் காப்பவன். இவை யாவும் கடன் வசூலிக்கும் அடுத்தாளுக்கு வேண்டும் பண்புகள். அதே திறன்களைப் போர் வேறொரு சந்தைக்குக் கொண்டுசென்று வேறு விலை வைத்தது. துப்பாக்கி ஏந்தியபின்னும் பாண்டியன் சிந்திக்கும் முறையில் வரவும் பற்றும் தொடர்கின்றன. மாறியது, அவன் எதைத் தன் முதலாகக் கருதுகின்றான் என்பது. முன்பு அது முதலாளியின் பணம். இப்போது தன் உயிர். பிறர் முதலைப் பாதுகாத்துப் பழகியவன் தன் முதலைக் கவலையின்றிச் செலவிடுகின்றான். இதனையே திறனாய்வாளர் சிலர் இருத்தலியல் அலட்சியம் என்றனர்.

இவ்விடத்தில் தமிழ் மரபினின்றே ஓர் ஒப்புமை காட்டலாம். மணிமேகலையில் ஆதிரையின் கணவனாகிய சாதுவன், பொருளிழந்து வங்கமேறிச் சென்று, கலம் உடைந்து, மரத்துண்டு ஒன்றைப் பற்றி நாகர் மலையை அடைகின்றான். அவர்தம் மொழி அறிந்திருந்தமையால் உயிர் தப்புகின்றான். நாகர் தலைவனுக்கு அறம் உரைத்து, கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதிருக்கச் செய்து, பொருள் பெற்றுச் சந்திரதத்தன் கலத்தில் ஊர் மீள்கின்றான். கடல், புயல், பிறமொழியறிவால் உயிர்பிழைத்தல் ஆகிய மூன்றும் பாண்டியன் கதையிலும் உள்ளன. நாவலின் பெயரே கடற்புயலிற் சிக்கிய தோணிப் பயணத்தைக் குறிப்பது. வேறுபாடு திரும்பும் இடத்தில் உள்ளது. சாதுவன் அயலாரை மாற்றிவிட்டுத் தன் இல்லறத்துக்கே மீள்கின்றான். அவனுக்காகத் தீப்பாய முனைந்தும் தீயால் சுடப்படாத ஆதிரை காத்திருக்கின்றாள். பாண்டியன் யாருக்கும் அறம் உரைக்கவில்லை. அயல்நிலம் அவனை மாற்றுகின்றது. போர் முடிந்ததும் அவன் டச்சு மீள்வருகையை எதிர்க்கும் இந்தோனேசிய கெரில்லாக்களோடு இணைந்து, ஊர் காணாமலே மடிகின்றான். வாணிகன் மீண்டு வருவான் என்னும் காப்பியக் காலத்து நம்பிக்கை, இருபதாம் நூற்றாண்டில் இங்கு முறிகின்றது.

தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறனாக வைத்து நிலையாமையைப் பொருளாக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ அதனை வஞ்சிக்கு எதிரான காவற்போராக்கிற்று. புயலிலே ஒரு தோணிக்குத் திணை வகுத்தே ஆகவேண்டும் என்று எவரேனும் வற்புறுத்தினால், தொல்காப்பியர் கூறும் காஞ்சியே பொருந்தும். ஆயினும் இவ்வகைப் பொருத்தங்களில் நாம் அதிக நேரம் செலவிடவேண்டியதில்லை. புறத்திணைத் துறைகளில் மன்னனுக்கும் மறவனுக்கும் அவன் தாய்க்கும் இடமுண்டு. கணக்கப்பிள்ளைக்கு இடமில்லை.

வயிரமுத்துப் பிள்ளையின் மறுப்பு

போர் ஒருவனை மாற்றலாம். மாறியவனை ஏற்கச் சமூகம் ஒருப்படுமா என்பதே கடலுக்கு அப்பால் எழுப்பும் வினா. முன்பு எழுதப்பட்ட இந்நாவலைப் பின்னதன் முன்னோட்டமாக மட்டும் காண்பது நம் வழக்கமாகிவிட்டது. எம் மதிப்பீட்டில், போரின் சமூக விளைவைப் பற்றிய கூர்மை இதிலேதான் மிகுதி.

சப்பான் சரணடைந்தபின் செல்லையா இராணுவத்திலிருந்து பினாங்குக்கு மீள்கின்றான். அவன் வயிரமுத்துப் பிள்ளையின் கடையில் வளர்ந்தவன். அவர் மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் அன்புண்டு. அவன் தாய்நாட்டு விடுதலைக்காகப் போரிட்டவன். ஒழுக்கக்கேடு எதுவும் அவன்மேற் கூறப்படவில்லை. ஆயினும் பிள்ளை தம் மகளை அவனுக்குத் தர மறுத்து, நாகலிங்கம் என்னும் வேறோர் இளைஞனைத் தெரிவு செய்கின்றார். பட்டாளத்துக்குப் போனவன் வட்டித் தொழிலுக்கு ஆகான் என்பதே அவர் கூறும் காரணத்தின் சாரம்.

இப்பிள்ளையைப் பழைமைவாதி என்று ஒதுக்குதல் எளிது. சிங்காரம் அவ்வாறு ஒதுக்கவில்லை. குண்டுவீச்சில் மகனை இழந்த தந்தை அவர். போர் அவருக்கு என்ன செய்தது என்பதை அவர் அறிவார். அவர் செல்லையாவின் நடையிலும் பார்வையிலும் நேர்ந்துள்ள மாற்றத்தைச் சரியாகவே காண்கின்றார் என்பதுதான் இந்நாவலின் வலி. கடையில் நிற்பவன் கடனாளியின்முன் பணிந்தும் இழுத்தும் பேசவேண்டும்; இழிசொல்லைப் பொறுக்கவேண்டும்; மெல்லப் பெறவேண்டும். ஆணையிட்டுப் பழகியவன், சாவை அருகில் கண்டவன், அரைக்காசு வட்டிக்காக அப்பணிவை மீண்டும் பூணமுடியாது. செல்லையா முடியும் என்கின்றான், பிள்ளை நம்பவில்லை. வாசகனும் உள்ளூரப் பிள்ளையோடு உடன்படவே நேர்கின்றது. வாழைமர நோட்டுக்குக்கூடப் பின்னர் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. போர்க்காலத்திற் பெற்ற மனிதத் தகுதியைப் பழைய கணக்கில் வரவு வைக்க யாதொரு வழியும் இருக்கவில்லை.

இனி ஒரு குறையையும் கூறவேண்டும். மரகதம் தந்தையின் முடிவுக்கு இணங்குகின்றாள். அவள் தாய் காமாட்சியம்மாள் மனம் வேறாயினும் கணவனை மீறவில்லை. பெண்கள் அனைவரையும் போர் தீண்டாத பழைய ஒழுங்கின் காவலராகவே சிங்காரம் வைத்துவிடுகின்றார். வரலாறு அவ்வாறு இல்லை. 1943 இல் கேப்டன் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் தமிழ்ப் பெண்கள் பெருமளவிற் சேர்ந்தனர். அவருள் தோட்டத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் மிகுதி. அப்படையின் துணைத் தலைவர்களுள் ஒருவராகிய ஜானகி, பின்னர் மலேசியப் பொதுவாழ்வில் ஜானகி ஆதிநாகப்பன் என அறியப்பட்டவர். செல்லையாவின் சீருடையைக் கண்ட கண்கள் இப்பெண்களின் சீருடையை மையமாகக் கொள்ளவில்லை. கடைத்தெருவின் வீட்டுப்பெண்கள் அப்படையிற் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்று விடை கூறலாம். அது சிங்காரத்தின் உலகின் எல்லையை விளக்கும், குறையை நீக்காது.

நடந்தோர், விசாரிக்கப்பட்டோர்

பர்மாவிலிருந்து 1942 இல் நிலவழியாக இந்தியாவுக்கு நடந்துவந்தோர் நான்கு இலட்சம் அளவினர் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகின்றது. வெள்ளையர்க்கு ஒருவழி, கறுப்பர்க்கு ஒருவழி என அப்பயணத்திலும் பாகுபாடு நிலவியமை அக்காலத்திலேயே இந்தியத் தலைவர்களின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இரங்கூனில் ஜோதி இதழை நடத்திய வெ.சாமிநாத சர்மா தம் துணைவியாரோடு இவ்வழி நடந்து எழுதிய நினைவுக்குறிப்பு தமிழில் அரியதோர் ஆவணம். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குத் தந்தவர், அரசு என்பது என்ன என்று நூல்வழி விளக்கியவர், அரசில்லாத காட்டுவழியில் நீருக்கும் நிழலுக்கும் நின்றதை அளவான சொற்களில் பதிவு செய்கின்றார். சிங்காரத்திடம் காணும் கசப்பு இங்கில்லை. சர்மாவுக்குத் திரும்ப ஓர் ஊரும், ஏற்றுக்கொள்ள ஒரு வாசகர் கூட்டமும் இருந்தன. பயணம் அவருடைய அடையாளத்தைச் சோதித்தது; உடைக்கவில்லை.

தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிக்கும் எம்போன்றோர்க்கு இன்னொன்றும் உறுத்துவது உண்டு. இந்திய தேசிய இராணுவம் என்றதும் வடபுலத்து மாணவர் நினைவில் எழுவது 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் தொடங்கிய வழக்கு. ஷா நவாஸ் கான், பிரேம்குமார் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என மும்மதத்தினரான மூன்று படைத்தலைவர்கள் ஒருங்கே கூண்டில் நின்றமை, நாட்டின் ஒற்றுமைக்கே உருவகமாயிற்று. மூவரும் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியவர்கள். கடையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நேரே வந்த தமிழன் அவ்வுருவகத்தில் இல்லை. அவனை வழக்காடி விடுவிக்க யாரும் கருப்பு அங்கி அணியவில்லை. அவன்மீது வழக்கும் இல்லை. அவன் பினாங்குக்கோ கிள்ளானுக்கோ திரும்பி வேலை தேடினான். சிங்காரத்தின் இரு நாவல்களும் எழுதப்படாத அவ்வழக்கின் சாட்சியங்களாக நிற்கின்றன.

அவ்வாறு திரும்பியோர் அனைவரும் செல்லையாவைப்போல் ஒடுங்கியவரும் அல்லர். 1946 இல் மலாயா இந்தியர் காங்கிரசைத் தோற்றுவித்த ஜான் திவி, போசின் இயக்கத்தில் ஈடுபட்டவர். மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்து 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்ட எஸ்.ஏ.கணபதியும் இந்திய தேசிய இராணுவத்திலிருந்து வந்தவரே. தோட்டத்தில் துரையின்முன் மிதிவண்டியை விட்டு இறங்கி நின்ற தலைமுறை, அணிவகுத்து நடக்கக் கற்றபின் சம்பள உயர்வு கேட்டது. அதன் அரசியலை எழுதச் சிங்காரத்திடம் மாந்தர் இல்லை. பாண்டியன் இந்தோனேசியக் காட்டைத் தேர்ந்தான். அவனுக்கு மலாயாத் தோட்டம் ஒருபோதும் கண்ணிற் படவில்லை.

பெயரில்லாத பேரேடு

தோட்டத் தமிழனின் போர் வேறு. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு 1942-43 இல் சப்பானியர் இரயில்பாதை அமைத்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரும், அவரினும் பன்மடங்கு ஆசியத் தொழிலாளரும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். போர்க்கைதிகளில் இறந்தோர் பன்னீராயிரத்துக்கு மேல். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் தொகை கணிப்புக்குக் கணிப்பு வேறுபடுகின்றது. தொண்ணூறாயிரம் என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவருள் பெரும்பகுதியினர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை அழித்தன.

ஆர்.சண்முகத்தின் சயாம் மரண ரயில் (1993), அ.ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் (2005) ஆகிய இரு மலேசிய நாவல்களும் இவர்களைப் பற்றியன. கலைநுட்பத்தில் இவற்றைச் சிங்காரத்துக்கு நிகராக வைத்தல் இயலாது. நிகழ்ச்சிகள் தொடர்ந்து அடுக்கப்படுகின்றன. மாந்தர் துன்பத்தின் எடுத்துக்காட்டுகளாகச் சுருங்கிவிடும் இடங்கள் பல. இம்மதிப்பீட்டோடு நின்றுவிட்டால் நாம் ஒன்றைத் தவறவிடுவோம். சிங்காரத்தின் மாந்தருக்குப் போர் ஒரு பதவியைத் தந்தது, பின்னர் அதனைப் பறித்தது. மாற்றம் என்னும் சொல் அங்குப் பொருளுடையது. சயாமுக்குச் சென்ற கூலிக்குப் போர் புதிய அடையாளம் எதனையும் தரவில்லை. இருந்த சிறு அடையாளத்தையும் அழித்தது. தோட்டத்தில் அவனுக்கு ஒரு லயமும், ஒரு நிரைப்பெயரும், கங்காணியின் செக்ரோலில் ஒரு வரியும் இருந்தன. பாதையோரத்தில் அதுவும் இல்லை. வளர்ச்சி, சிதைவு என்று வகைப்படுத்தத்தக்க உளவியல் பயணம் அவர்களுக்கு வாய்க்காமையால், நாவலும் பட்டியலாகவே அமைகின்றது. இவ்வடுக்குமுறையைக் குறை என்று மட்டும் கூறி நகர்வது, பாண்டியனின் அளவுகோலால் அவர்களை அளப்பதாகும்.

காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஒழுங்குற அமைந்துள்ளன. பெயரும் படைப்பிரிவும் பொறித்த தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய வரிசை இல்லை. ரெங்கசாமி தம் நாவலுக்கு நினைவுச் சின்னம் எனப் பெயரிட்டதை இப்பின்னணியில் வாசிக்கவேண்டும். நடுகல்லுக்குப் பெயரும் பீடும் எழுதும் மரபை நாம் சங்கப் பாடல்களை முன்வைத்து ஆண்டுதோறும் கருத்தரங்குகளிற் பேசுகின்றோம். 2005 இல் ஒருவர் கல் கிடைக்காமையால் நாவலை நட்டிருக்கின்றார்.

சிங்காரம் 1946 இல் தாயகம் திரும்பினார். மதுரையில் நாளிதழ் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்து, பல்லாண்டுகள் ஒய்.எம்.சி.ஏ. விடுதியறையில் தனியே வாழ்ந்து, 1997 டிசம்பரில் மறைந்தார். இரண்டே நாவல்கள், அவற்றுள் ஒன்று அச்சேறப் பதிப்பகங்களின் வாசலில் பல்லாண்டுகள் காத்திருந்தது. பினாங்கு ஸ்திரீட்டின் கடைக்காரரும், அதற்கு அக்கரையில் சில கல் தொலைவிலிருந்த தோட்டத்துக் கூலிகளும், ஒரே போரை ஒரே மொழியில் எதிர்கொண்டவர்கள். இவ்விரு தொகுதிப் புனைவுகளையும் ஒரே தாளில் பாடமாக வைத்துள்ள தமிழ்த்துறை எதனையும் யாம் இதுவரை காணவில்லை.